ஊதாவும் நீலமும்

புள்ளிகளாலான வட்டத்துக்குள்
எழுபத்து நான்கு இருந்ததாம்.
இருபத்தொன்று என்றானாம் நிமலன்.
அடுத்த பக்கத்தில் ஆறு.
அவனுக்கு அங்கே
தட்டில் கொட்டிய ஜவ்வரிசி மட்டும்.

தேசியச் சேவைக்கு முந்தைய பரிசோதனை.
உயரம் சரி, காது சரி, இதயம் சரி.
ஒரு தாளோடு ஈசூனுக்குத் திரும்பினான்.
"விமானி ஆக முடியாதாம்மா"
சொல்லிவிட்டு
குளிர்பெட்டியைத் திறந்து
நின்றபடியே மைலோ குடித்தான்.

"எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்லையே"
என்றார் அவன் அப்பா.
உண்மைதான்.
இந்தக் கணக்கில் அவர் பக்கமே வரவில்லை.
மகனுக்கு அவர் தந்தது ஒய்.
அந்தக் குட்டைத் துண்டில்
சிவப்பைப் பச்சையிலிருந்து பிரிக்கும் குறிப்பு
எழுதப்படவே இல்லை.
எக்ஸ் என்னுடையது.

என்னிடம் இரண்டு.
ஒன்றில் எழுத்துப்பிழை,
இன்னொன்று சத்தமில்லாமல் அதை ஈடுகட்டிவிடும்.
நாற்பத்தேழு வருடம்
பிழையைச் சுமந்துகொண்டே
புடவைக்கேற்ற ரவிக்கைத் துணியை
நூல் நூலாய் ஒப்பிட்டு வாங்கியிருக்கிறேன்.
அவனுக்கு ஒன்றே ஒன்று.
ஈடுகட்ட ஆளில்லை.

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது.
தேக்கா சந்தையில் பச்சை மிளகாய் கேட்டால்
இரண்டும் கலந்து அள்ளி வந்தது.
(திட்டினேன்.)
பாலர் பள்ளியில் இலைக்குப் பழுப்பும்
மரத்துக்குப் பச்சையும் தீட்டியது.
கற்பனை வளம் மிக்கவன் என்று
ஆசிரியை எழுதியனுப்பினார்,
சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

என் அப்பா
சாலை கடக்கையில் நிறம் பார்த்ததில்லை.
மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் நட.
அது அவர் பாணி என்றே நினைத்திருந்தோம்.
அவரிடம் இருந்தது ஒரே எக்ஸ்,
மகளுக்குத் தர வேறு கிடையாது.
தம்பிக்குக் கிடைத்தது ஒய்.
அவன் உட்லண்ட்ஸில்
கார்களுக்கு வண்ணம் அடிக்கும் கடை வைத்திருக்கிறான்.

தூக்கம் வராத இரவில் படித்தேன்:
நிமலன் ஆகப்போகும் முட்டை
நான் பிறக்கும் முன்பே எனக்குள் இருந்ததாம்.
நானே கருவாய்ச் சுருண்டு கிடந்தபோது
என் இரண்டு எக்ஸும் கைகோத்து
துண்டுகள் மாற்றிக்கொண்டனவாம்.
சீட்டு அன்றைக்கே கலைக்கப்பட்டது.
இன்னும் பெயர்கூட வைக்காத ஒருத்தியை
எந்தக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது?

மகிழ்நிலா கேட்டாள்:
"அண்ணனுக்கு வந்திருச்சு.
அப்ப எனக்கு வந்திருக்காதுதானே?"
உனக்குப் பாதி வாய்ப்பு, என்றேன்.
வந்திருந்தாலும் உனக்குத் தெரியாது,
என்னைப் போல.
"ரெண்டு பேருக்கும் சேர்ந்து வராதுமா" என்றார் அவர்.
போன வாரம் விழுந்த நம்பர்
இந்த வாரம் விழாது என்று நம்பி
ஃபோர்-டி வாங்குகிறவர்.
நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது என்றேன்.
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நேற்று தீபாவளிச் சாமான் வாங்கப் போனோம்.
"ஊதா எப்படிம்மா இருக்கும்?"
லிட்டில் இந்தியா நிலையத்தில்,
வரைபடத்தின் முன்னால்.
நீலம் மாதிரி, ஆனால் அதில் கொஞ்சம்...
கொஞ்சம் என்ன?
சிவப்பு என்றால் அவனுக்கு என்ன புரியும்?
கத்தரிக்காய் என்றேன்.
"கத்தரிக்காய் நீலம்தானே?"

கூட்டம் எங்களைப் பிரித்தது.
நியூட்டன் போய் மாற வேண்டும்.
நடைமேடையில் நின்று
இன்னொரு நல்ல பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.
கைபேசி அடித்தது.
"எங்கம்மா இருக்கீங்க? ரயில் வந்திருச்சு."
நிமிர்ந்து பார்த்தேன்.
தலைக்கு மேல் பலகை முழுக்க
எனக்கு மிக நன்றாகத் தெரிகிற
ஊதா.